பட்டம் தரும் மன்றம் பாமரர்க்குத் தந்ததென்ன?

ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாக்கள் நடைபெறுகின்றன. அங்கி அணிந்தோர் அணிவகுத்து வருகின்றனர். மேடையில் வீற்றிருக்கும் பெருமக்கள் எழுந்து, ஏடெடுத்து, இளைஞரை நோக்கி இயம்புகின்றனர்: "இனி நீங்கள் சமுதாயத்துக்குள் செல்லுங்கள்; அதற்குத் தொண்டாற்றுங்கள்" என்று. கேட்போர் கைதட்டுகின்றனர். செய்தித் தாட்கள் அச்சிடுகின்றன. அடுத்த ஆண்டு வேறொரு பெருமகனார் வந்து அதே உரையை வேறு சொல்லால் ஆற்றுகின்றார்.

அந்த ஒரு தொடரைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சமுதாயத்துக்குள் செல்லுங்கள் என்றால், இதுவரை அவர்கள் இருந்த இடம் எது? கடலுக்கு நடுவே ஒரு தீவா? மூன்றாண்டுக் காலம் விடுதியில் அவர்கள் உண்ட சோறு எவர் விளைத்தது? வகுப்பறைக்குக் கல் சுமந்தவர் எவர்? எழுதுகோல் வாங்கத் தாலி அடகு வைத்த தாய் எந்த நாட்டினள்? கல்லூரி சமுதாயத்தின் வயிற்றில் பிறந்தது. சமுதாயத்தின் வரிப் பணத்தில் வளர்ந்தது. ஆயினும் விழா நாளில் பேசும்போது மட்டும், சமுதாயம் என்பது மதிலுக்கு அப்பால் கிடக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் பேச்சில் தானாகவே வந்துவிடுகிறது. பேசுவோர் தீயவர் அல்லர். அமைப்பு அவ்வாறு அவர்களைப் பேச வைக்கிறது. அந்த அமைப்பைப் பற்றியே இங்குத் திறனாய்வு செய்யப் புகுகின்றோம்.

1854ஆம் ஆண்டு சார்லசு உட் விடுத்த கல்வி அறிக்கையின் வழியே, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக் கழகம் செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தது. மூன்றுக்கும் முன்மாதிரி அந்நாளைய இலண்டன் பல்கலைக் கழகம். அம் முன்மாதிரியின் பொருள் யாது? பாடம் சொல்வது கல்லூரியின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் பல்கலைக் கழகத்தின் வேலை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே, தானே பேராசிரியர்களை அமர்த்தி ஆராய்ச்சி நடத்தும் நிலைக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் வந்தது. அதுவரை அது ஒரு தேர்வு அலுவலகம்! வினாத் தாள் அச்சிட்டது. விடைத் தாள் திருத்தியது. தேறினோர் பெயரை வெளியிட்டது. கருவறைக்குள் நின்று திருநீறு தருவோனுக்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே. உள்ளே நடப்பது மக்களுக்குத் தெரியாது. வெளியே வருவதை மட்டும் கைநீட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்த அலுவலகம் தந்த முதற் கனி இனித்தது என்பதை மறைக்க மாட்டோம். சென்னைப் பல்கலைக் கழகத்தில் முதன்முதல் பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: கறோல் விசுவநாத பிள்ளை, சி. வை. தாமோதரம் பிள்ளை. பின்னவர் அரசுப் பணி பார்த்தார், சட்டம் படித்தார், நீதிபதியாகவும் அமர்ந்தார். அதோடு நின்றிருந்தால் அவர் பெயரை இன்று எவரும் நினையார். கரையான் தின்று கொண்டிருந்த ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி எடுத்தார், ஒப்பிட்டார், அச்சிட்டார். 1887இல் கலித்தொகை அவர் கையால் அச்சேறியது. பட்டத்தை வயிற்றுப் பிழைப்புக்கும், படிப்பை மக்களுக்கும் எனப் பிரித்துக் கொண்ட பெருமகன் அவர். அவர்க்கு அவ் வழியைப் பல்கலைக் கழகமா கற்பித்தது? அன்று, அவராகவே கண்டார்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவி ஏட்டின்பால் திருப்பியவரோ ஒரு முன்சீப்பு, சேலம் இராமசாமி முதலியார். வினா வெளியிலிருந்து வந்தது. விடை கல்லூரி ஆசிரியரிடமிருந்து பிறந்தது. 1932இல் பல்கலைக் கழகம் அவர்க்கு டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைப் பெருமைப்படுத்திக் கொண்டது. வெளியாரின் வினாவுக்குச் செவி சாய்த்த ஒருவரால் ஓர் இலக்கியமே உயிர் பெற்றது என்றால், ஒவ்வொரு கல்லூரியும் சுற்றுப்புறத்தின் வினாக்களுக்குச் செவி சாய்த்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும்!

நம் இயக்கத்தார் நெடுநாள் நடத்தியது கதவுப் போராட்டம். அது நியாயமான போராட்டம். பச்சையப்பர் என்னும் வள்ளலின் பணத்தில் பிறந்த கல்லூரி கூட, 1947 வரையில் இந்து அல்லாதார்க்குக் கதவு திறக்கவில்லை. 1916ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை, பட்டமும் பதவியும் ஒரு சிறு கூட்டத்தின் கையில் குவிந்து கிடந்ததை எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டியது. நீதிக்கட்சி அரசு 1921இல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. கல்லூரிகளில் மாணவரைச் சேர்ப்பதற்குக் குழுக்கள் அமைத்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ் ஆணையைச் செல்லாதென்றது, தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டு சூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பின்னர்ப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் எனத் தொடர்ந்தது அப் பயணம்.

பயன் என்ன? 2021-22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு கூறுகிறது: 18 முதல் 23 வரை அகவையுடைய மக்கள் தொகையோடு ஒப்பிடுங்கால், இந்திய அளவில் உயர்கல்வி பயில்வோர் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டிலோ 47. ஏறத்தாழப் பாதிப் பேர்! உழவன் மகனும் நெசவாளி மகளும் சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் உள்ளே வந்துவிட்டனர். கதவு திறந்தது. மகிழ்கின்றோம், மார்தட்டிக் கொள்கின்றோம்.

ஆனால் கதவு என்பது இருவழிக்கும் உரியது அன்றோ? பிள்ளைகள் உள்ளே போயினர். அறிவு வெளியே வந்ததா?

வந்த இடங்களும் உண்டு. முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் சேர விழைந்தபோது, பெண் ஒருத்தி வந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுவிடுவர் எனக் கூக்குரல் எழுந்தது. மன்னர் துணிந்து இடமளித்தார். 1912இல் அவர் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப் படிப்பைக் கொண்டு அவர் செல்வர் வீட்டு மருத்துவராய் வாழ்ந்திருக்கலாம். தேவதாசி முறையை எதிர்த்து மன்றத்தில் முழங்கினார். அவ்வை இல்லம் நிறுவினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணரானார். கெட்டவர் எவர்? கெட்டது எது? ஒரு பழங் கொடுமை கெட்டது, அவ்வளவே.

இனி நம் திறனாய்வின் நடுவிடத்துக்கு வருகின்றோம். மதில் என்றோமே, அம் மதிலின் கல் எது? மொழி.

மருத்துவம் தமிழில் முடியுமா என்று இன்றும் நகைப்போர் உளர். அவர்கட்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம்: சாமுவேல் பிசுக் கிரீன். அமெரிக்க மருத்துவர், கிறித்தவத் தொண்டர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஏன்? ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணி தேடி நகருக்கு ஓடுகின்றனர். ஊர் மக்களோடு இருந்து நோய் தீர்ப்போர் வேண்டுமாயின் ஊர் மொழியில் பயில வேண்டும் என்று கண்டார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். தமிழர் அல்லர், தமிழால் பிழைக்க வந்தவரும் அல்லர். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் ஒரு வேற்று நாட்டார் செய்ததை, நம் பேராசிரியப் பெருமக்கள் இயலாதென்கின்றனர்!

இதற்குப் பின் நிகழ்ந்ததும் வியப்பே. தமிழில் அறிவியலைத் தந்தோர் பட்டியலைப் பாருங்கள். 1916இல் சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் எழுந்தது; அதை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் வழக்கறிஞர் இராசகோபாலாச்சாரியார். 1938இல் கட்டாய இந்தியையும் 1953இல் குலக்கல்வியையும் கொணர்ந்த அதே ஆச்சாரியார்தாம்! ஆயினும் நற்செயலை நற்செயல் என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. 1917 முதல் பல்லாண்டு அறிவியற் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதிக் குவித்த பெ. நா. அப்புசாமி, அவரும் வழக்கறிஞர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய் வெளிவந்த கலைக்களஞ்சியத்தை ஆக்கியது தமிழ் வளர்ச்சிக் கழகம். தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், கவிஞர். பேராசிரியர் பலர் கட்டுரை தந்து உதவினர் என்பது மெய். ஆனால் தூக்கிச் சுமந்த தோள் கல்லூரித் தோள் அன்று. வழக்கு மன்றத்தில் வாதாடியவர்க்கும் பாட்டெழுதியவர்க்கும் இருந்த அக்கறை, அதற்கென்றே ஊதியம் பெற்ற துறைகட்கு ஏன் இல்லாமற் போயிற்று?

விதிவிலக்கு உண்டு, மறக்கலாகாது. பேராசிரியர் மு. வரதராசனார் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொன்ன கையோடு, மில் தொழிலாளியும் படிக்கத் தக்க நாவல்களையும் கடித நூல்களையும் எழுதினார். அவர் நடையில் குறை காண்போர் காணட்டும். அறவுரை சற்று மிகுதி என்று நாமும் கருதுவதுண்டு. ஆயினும் வகுப்பறையில் அமரும் வாய்ப்பே பெறாத பல்லாயிரவர்க்கு அவர் ஆசிரியரானார். 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக் கழகத்துக்குத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். அடுத்து வந்தவர் மு.வ. தமிழ்ப் பேராசிரியர் என்றால் திண்ணைக்குரியவர் என்றெண்ணிய காலம் அதனால் மாறிற்று.

அரசு முயலவில்லை என்றும் சொல்ல இயலாது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. பாட நூல்கள் தமிழில் எழுதுவிக்கப்பட்டன. பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அப் பணியை ஏற்று நூற்றுக் கணக்கில் வெளியிட்டது. கோத்தாரிக் குழு 1966இல் தந்த அறிக்கையில், பத்தாண்டுக்குள் பல்கலைக் கழக மட்டத்திலும் வட்டார மொழிகளே பயிற்று மொழியாதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டு பலமுறை கடந்துவிட்டது. 2010இல் அண்ணா பல்கலைக் கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு, தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் என்ற சட்டமும் வந்தது. 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் சேர்வோர் குறைவு என்று காரணம் காட்டி அத் தமிழ்வழி வகுப்புகளை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

சேர்வோர் ஏன் குறைவு? தமிழ்ப் பற்று இன்மையா? அப்படிச் சொல்லி ஏழைத் தந்தையைப் பழிக்க நாம் ஒருப்படோம். அவர் கணக்கு நேர்மையான கணக்கு: வேலை தரும் நிறுவனத்தான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பான், என் மகன் என்ன செய்வான்? இக் கேள்விக்கு விடை தராமல், தாய்மொழி, தாய்ப்பால் என்று உவமை பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வகுப்பில் மொழியை மாற்றியவர்கள் நூலகத்தை மாற்றவில்லை. பாடநூல் நிறுவனம் ஆக்கிய நூல்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுதப்பட்டவை, நல்ல நூல்கள், சிலவற்றின் தமிழ் இன்றைய பேராசிரியர்க்கும் பாடமாகத் தக்கது. ஆனால் அறிவியல் ஆண்டுக்காண்டு வளர்வது. நாற்பதாண்டுக்கு முந்திய நூலைக் கையில் கொடுத்து, இதுவே தமிழ்வழிக் கல்வி என்றால், அது தமிழுக்குச் செய்யும் தொண்டா, தமிழைத் தோற்கடிக்கும் சூழ்ச்சியா?

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றோம். ஆங்கிலவழி என்று பலகை மாட்டிய கல்லூரிகள் பலவற்றில் நடப்பது என்ன? ஆசிரியர் தமிழில் விளக்குகின்றார். மாணவர் தமிழில் விளங்கிக் கொள்கின்றனர். பிறகு குறிப்பு ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறது, ஏட்டில் ஏறுகிறது, நெட்டுருச் செய்யப்படுகிறது, தேர்வில் கொட்டப்படுகிறது. புரிந்தது ஒரு மொழியில், எழுதியது மறு மொழியில்! புரிந்ததை எழுதத் தெரியாது, எழுதியது புரியாது. தமிழ்வழி ஏற்கெனவே கள்ளத்தனமாய்க் கல்லூரிக்குள் புகுந்து ஆட்சி செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லவும் இருக்கை கொடுக்கவும் மட்டுமே வெட்கப்படுகின்றோம். ஆங்கிலம் வேண்டாம் என்பாரல்லர் நாம். உலகை நோக்கத் திறந்த சாளரம் அது. 1968இல் தமிழகம் ஏற்ற இரு மொழிக் கொள்கையில் அதற்குரிய இடம் உண்டு. ஆனால் சாளரத்தின் வழியே வீட்டுக்குள் ஏறிக் குதித்து வா என்று பிள்ளையிடம் சொல்வார் உண்டோ? வாயில் எதற்கு?

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இதன் விளைவு கண்கூடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகட்கு நீர்நிலைகளைப் பற்றிப் பாடம். நம் ஊர் ஏரியையே எடுத்துக்காட்டாய்க் கூற விரும்பினோம்: எவ்வளவு நிலத்துக்குப் பாசனம், எவ்வளவு தூர்ந்தது, மதகு எத்தனை. அதே வட்டத்து ஏரிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றிருக்கின்றார் என்று கேள்வியுற்று, அருகிருந்த ஒரு கல்லூரியின் நூலகத்துக்குச் சென்றோம். உறுப்பினர் அல்லார்க்கு அனுமதியில்லை என்றனர். பரிந்துரைக் கடிதம் பெற்று மறுமுறை சென்று பார்த்தோம். ஏரிக் கரையில் கிழவர்களிடம் தமிழில் கேட்டறிந்த செய்திகள் அனைத்தும் ஆங்கிலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. "மடை", "கலிங்கு", "கழுவெளி" என்ற சொற்களெல்லாம் ஆங்கில எழுத்தில் சாய்த்து அச்சிடப்பட்டு, அயல்நாட்டுப் பறவைகள் போல் விழித்துக் கொண்டிருந்தன! ஊரார் கொடுத்த செய்தி. ஊரார் படிக்க முடியாத ஏடு. இன்று ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றி எவரும் காணச் செய்திருக்கின்றனர். பூட்டிய அலமாரி திறந்தது, நன்று. மொழிப் பூட்டு அப்படியே தொங்குகிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதற்குத் தஞ்சைத் தரணியே சான்று. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த வித்து. அதை உழவனிடம் சேர்ப்பித்தது எது? திருச்சி வானொலி. 1966 முதல் உழவர்க்கான ஒலிபரப்பில், எப்போது நாற்றுவிடுவது, எவ்வளவு உரமிடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பதை உழவர் பேசும் தமிழிலேயே சொன்னார்கள். கேட்டவர் விதைத்தனர், விதைத்தவர் விளைத்தனர். மக்கள் அந் நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ரேடியோ நெல்! ஆராய்ச்சியாளன் இட்ட எண்ணைத் தள்ளிவிட்டு, செய்தி வந்த வழியையே பெயராக்கிக் கொண்டனர். அறிவு எவ் வழியே வந்து சேர்ந்ததோ அவ் வழியைப் போற்றிய இப் பாமரரையா, அறிவு ஏற்கும் ஆற்றல் அற்றவர் என்பது?

ஆனால் அக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. விளைச்சலைப் பெருக்கும் வழியை ஆராய்ச்சிக் கூடம் சொல்லிற்று. விளைந்ததைப் பங்கிடும் வழியை எந்தக் கல்லூரி சொல்லிற்று? 1968 டிசம்பர் 25 இரவில், அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பத்தார் 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளுமே பெரும்பாலோர். பொருளியல் துறைகள் இருந்தன. வரலாற்றுத் துறைகள் இருந்தன. நெல்லுக்கு எண் கொடுத்த அறிவு, கூலிக்கும் சாதிக்கும் உள்ள கணக்கைப் போட்டுக் காட்ட முன்வரவில்லை.

போட்டுக் காட்டிய முன்னோடி ஒருவர் சென்னைப் பல்கலைக் கழகத்திலேயே இருந்தார் என்பதுதான் நம் வயிற்றெரிச்சலைக் கூட்டுவது. கில்பர்ட் சுலேட்டர் என்னும் ஆங்கிலேயர், இந்தியப் பொருளியல் பேராசிரியராய் வந்தவர். 1916இல் தம் மாணவர்களை அழைத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரையே ஆராய்ந்து வாருங்கள் என்றார். நிலம் எவரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தெருவில் எவர் வாழ்கின்றனர் என்று கேட்டு எழுதி வரச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி எனத் தமிழ்நாட்டு ஊர்கள் அந்த ஆராய்ச்சியில் இடம்பெற்றன. 1918இல் நூலாய் வந்தது. இருபதாண்டு கழித்து, 1936-37இல், அதே ஊர்களுக்கு மீண்டும் ஆய்வாளர் சென்றனர். அதன் பின்னும் அவற்றுட் சிலவற்றுக்குச் சென்று, மாறியது எது, மாறாதது எது என்று எழுதினர். உலகப் பொருளியலார் அவ்வூர்களின் பெயரை அறிவர். ஏடுகளோ ஆங்கிலத்தில் அமைந்தன. இருவேல்பட்டார் தம் பாட்டன் காலக் கூலி எவ்வளவு என்றறிய ஆங்கிலம் கற்றாக வேண்டும்!

சமுதாயத்தின் மீதும் குற்றம் உண்டு; அதையும் உரைப்பதே நேர்மை. பட்டம் என்பது இங்கே திருமணச் சந்தையில் விலைச் சீட்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. பட்டதாரி மாப்பிள்ளையின் விலையை அது குறைத்ததாகத் தெரியவில்லை. பெண் பட்டம் பெற்றாலோ, அவளினும் உயர்ந்த பட்டத்தானைத் தேட வேண்டும், அவனுக்கு இன்னும் கூடுதலாய்க் கொட்டியழ வேண்டும் என்பது பெற்றோர் புலம்பல். படிப்பு ஏறியது; பகுத்தறிவு ஏறவில்லை. ஏறும் எப்படி? 2001இல் பல்கலைக் கழக மானியக் குழுவே சோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முன்வந்தது. அறிவியலறிஞர் பி. எம். பார்கவா வழக்குத் தொடுத்தார். 2004இல் உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கமே நின்றது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாட்டில்தான் இது நடந்தது! வானியல் ஓர் அறையில், சோதிடம் அடுத்த அறையில்; இரண்டுக்கும் ஒரே முத்திரை. மாணவன் எதை நம்புவான்?

சாதியும் அவ்வாறே புத்தகப் பையோடு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க நேர்ந்தது. அப் பிள்ளைகட்குப் பாடம் சொல்லும் நாமெல்லாம் எங்கிருந்து வந்தோம்? கல்லூரியிலிருந்து. மூன்றாண்டுப் பாடத்தில் சாதியின் தோற்றம் வளர்ச்சி என்று பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதினோம். கயிறு கட்டிய பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று எவரும் நமக்குக் கற்பித்ததில்லை.

1984 முதல் தன்நிதிக் கல்லூரிகள் பெருகின. அவற்றைப் பற்றி விரித்தெழுதத் தனிக் கட்டுரை வேண்டும். பணம் கட்டியோன் வாடிக்கையாளன், பாடம் சரக்கு என்றாகிவிட்ட இடத்தில் சமுதாயத்தைப் பற்றிப் பேசுவது, கடைக்காரனிடம் ஊர்க் குளத்தைப் பற்றிப் பேசுவது போன்றதே. அரசு கல்லூரிகளிலோ நிலையான வேலையின்றி, மதிப்பூதியத்தில் காலந்தள்ளும் விரிவுரையாளர் பலர். அடுத்த ஆண்டு இருப்போமா என்றறியாதவர், அருகிருக்கும் ஊரோடு உறவு வளர்ப்பது எங்ஙனம்? இதை மறந்துவிட்டுப் பேராசிரியரை மட்டும் ஏசுவது நீதியாகாது.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. சுலேட்டர் 1916இல் செய்ததை ஒவ்வொரு கலைக் கல்லூரியும் தன் வட்டத்தில் செய்யட்டும். மூன்றாண்டில் ஒரு திங்கள் போதும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இலிருந்து நடைபெறுகிறது. முகாமிட்டுச் சாலையோரம் முட்செடி வெட்டுவதோடும் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடும் அது நின்றுவிடுதல் வேண்டா. அம் மாணவர் கையில் மண்வெட்டியோடு ஓர் ஏடும் கொடுங்கள். ஊரின் கிணறு எத்தனை, வற்றியது எத்தனை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எவர், எந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதட்டும். தமிழில் எழுதட்டும். எழுதியதை ஊர் மன்றத்தில் ஊராருக்கே படித்துக் காட்டட்டும். தவறென்று கிழவர் ஒருவர் எழுந்து திருத்தினால், அதையும் குறித்துக் கொள்ளட்டும். அத் திருத்தத்துக்குத் தேர்வில் மதிப்பெண் கொடுங்கள்.

டாக்டர் பட்டத்துக்கு எழுதப்படும் ஆய்வேடு எம்மொழியில் இருப்பினும், இருபது பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் இன்றேல் பட்டம் இல்லை என்று விதி செய்யுங்கள். சுருக்கத்தின் படி ஒன்று, ஆய்வு நடந்த ஊருக்கு அண்மையிலுள்ள பொது நூலகத்துக்குச் செல்லட்டும். இடமில்லை என்று எவரும் சொல்ல இயலாது. பொது நூலகச் சட்டத்தை 1948இலேயே இயற்றிய மாநிலம் இது. அதற்காக வாதாடியவர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராய் இருபதாண்டு பணியாற்றிய அரங்கநாதன். 1931இல் மன்னார்குடியில், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு சென்ற நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அன்று வண்டி இருந்தது. ஏற்றுவதற்குத் தமிழ் நூல் குறைவு. இன்று மாவட்டந்தோறும் நூலகம் இருக்கிறது, கல்லூரிதோறும் ஆய்வேடு இருக்கிறது. வரும் பட்டமளிப்பு விழாவுக்கு நம் தோழர்கள் செல்லும்போது, மேடையிலிருப்போரிடம் வணக்கத்தோடு ஒன்றை வினவட்டும்: இக் கல்லூரியைச் சுற்றியுள்ள பத்து ஊர்களைப் பற்றி இக் கல்லூரி தமிழில் எழுதிய ஏடு எது, அது எந்த நூலகத்தில் கிடைக்கும்?